படிவம் ஒன்றுக்கு நாற்பது ரூபாய்

கேத்தி பாலாடாவில்
மூன்று மணிக்கே கேரட் கழுவத் தொடங்கிவிடுகிறார்கள்.
மெஷின் உருளும் இரைச்சலில்
என் கேள்வியை இரண்டு தடவை கத்த வேண்டியிருந்தது:
அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமைகள் எத்தனை?

“எத்தனைன்னு போட்டா உங்களுக்குக் காசு?”
என்றார் சிவபாக்கியம்,
பூட்சுக்குள் பாலித்தீன் பை சுற்றிய கால்களை மாற்றி ஊன்றியபடி.

தெரியாது என்ற கட்டத்தில் டிக்.
இருபத்தியொன்றாவது உறுப்பு? தெரியாது.
இருபத்திரண்டு? தெரியாது.
குளிரில் பேனா எழுதவில்லை.
அவரே வாங்கி உள்ளங்கையில் உருட்டித் தந்தார்.

முந்தின நாள், மேல் வளைவு வீட்டில்,
ஓய்வுபெற்ற ஹெட்கிளார்க் வரதராஜுலு
முகப்புரையை ஒரே மூச்சில் ஒப்பித்தார்.
தீண்டாமை ஒழிப்பு, உறுப்பு பதினேழு, பிசகில்லை.
முழு மதிப்பெண்.
எனக்கு எவர்சில்வர் டம்ளரில் காபி.
சிலிண்டர் தூக்கி வந்தவருக்குப் பேப்பர் கப்,
அதுவும் கேட்டுக்கு வெளியே.
கப்புக்கென்று படிவத்தில் கட்டம் இல்லை.
நானும் காபியை மிச்சம் வைக்கவில்லை.

மூட்டை வாயைத் தைத்துக்கொண்டே சிவபாக்கியம் சொன்னார்:
போன தை மாசம், ராத்திரி ஒன்பது மணி,
மண்டியில் பணம் காணோமென்று ஜீப் வந்தது.
மருமகளை ஏறச் சொன்னார்கள்.
“பொழுது சாஞ்சா பொம்பளையக் கூட்டிட்டுப் போக முடியாது சார்.
காலைல நாங்களே வாறோம்.
என்ன கேஸுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்துட்டுப் போங்க.”

எழுதித் தரவில்லை.
ரிவர்ஸ் எடுத்தபோது கோஸ் பாத்தி ஒன்று நசுங்கியது.

யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன்.
“பாதி சீரியல்ல பார்த்தது.
பாதி பயத்துல நானா அடிச்சு விட்டது.
ஏன் தம்பி, நெசமாவே அப்படி ஒரு சட்டம் இருக்கா?”

பயிற்சியில் கொடுத்த கையேட்டில்
எண்கள் மட்டும்தான் இருந்தன.

கடைசிப் பக்கம், கையெழுத்து.
ஈரக் கையைச் சட்டையில் துடைத்தவர்
பேனாவைத் தொடாமல் கேட்டார்:
“இதுல எனக்கொரு காப்பி உண்டா?”
இல்லையே அக்கா.
“நீங்க வேலைக்குச் சேர்ந்தப்ப
போட்ட கையெழுத்துக்கு?”

மூன்று பக்கம், பொடி எழுத்து.
படிக்கவில்லை, கேட்கவும் இல்லை.

“அப்ப நான் போடலை” என்று
அடுத்த மூட்டைக்குப் போய்விட்டார்.
கையெழுத்தில்லாத படிவத்துக்குக் காசு கிடையாது.

மேட்டுப்பாளையம் லாரி கிளம்பிய பிறகும்
முதல் பஸ்சுக்கு நேரமிருந்தது.
பெயர் என்ற இடத்தில்
சிவபாக்கியத்தை அடித்துவிட்டு
என் பெயரை எழுதினேன்.
கேள்வி ஒன்று.