வென்றவர் பலகை

முதல் பெயரை எழுபத்தொன்றில் எழுதினேன்:
சி. கதிரவேற்பிள்ளை, ஒஸ்ரின் ஏ-போட்டி.
நாற்பது என்பதை ஊர் அப்படித்தான் சொல்லும்,
போட்டிக்கென்றே பிறந்த கார் என்று நினைத்தவர்களும் உண்டு.
எழுத்துக்கு ஐந்து சதம். சுற்று எண்ணுவதும் நானே,
அதற்குக் கூலி இல்லை.

கடனீர் வற்றி வல்லைவெளி வெடித்துக் கிடக்கும்.
வருசப்பிறப்புக்கு அடுத்த ஞாயிறு
நாலு தார்ப்பீப்பாய் நட்டால் அது திடல்.
ஏழு சுற்று.
உப்புப் புழுதிக்குள் எவர் முன் எவர் பின் என்று
கடைசியில்தான் தெரியும்.
சில ஆண்டுகளில் அப்போதும் தெரியாது.

எழுபத்தைந்து: மரியநாயகம் மாஸ்ரர், மொறிஸ் மைனர், ஒரு கதவு இல்லை.
பாரம் குறைக்கவா கழற்றினீர்கள் என்றோம்.
மனிசி கோபத்தில் அடித்துச் சாத்தியது என்றார்.

எழுபத்தொன்பதில் கொடிகாமத்துக்குத் தேங்காய் ஏற்றிப்போனவன்
பாதை தவறி வரிசையில் நின்றான்.
வெடி கேட்டதும் பயந்து ஓடினான், வென்றான்,
நிற்காமல் சந்தைக்கே போய்விட்டான்.
பலகையில் தேங்காய்க்காரர் என்றுதான் இருக்கும்.

எண்பத்து நாலிலிருந்து எண்கள் மட்டும்.

தொண்ணூறு.
ஒரு படை போய், அடுத்த சண்டை வராத
அந்த மூன்று மாதத்துக்குள் ஓடினார்கள்.
சோனகதெருவில் கராஜ் வைத்திருந்த ஜலால்தீன் வென்றார்.
இனாமல் தீர்ந்திருந்தது,
கொழும்பு ரின் வரட்டும் என்றேன்.
ஆனியில் சண்டை வந்தது.
ஐப்பசியில் இரண்டு மணித்தியாலம் கொடுத்து
அவரையும் அவர் தெருவையும் போகச் சொன்னார்கள்.
கோப்பை கராஜ் மேசையில் இருந்ததாகப் பிறகு கேள்வி.

தொண்ணூற்று நாலில் பெற்றோல் எங்கே?
ஆளுக்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெய்,
எவர் அதிக தூரம் போகிறாரோ அவர்.
குருநகர் எமிலியானுஸ்: நாலு மைலும் ஒரு கூப்பிடு தூரமும்.
அதை அப்படியே எழுதினேன்.

இடப்பெயர்வு முடிந்து வந்தபோது
பலகை ஒரு பதுங்குகுழிக்குக் கூரையாய்க் கிடந்தது,
எழுத்து கீழ்ப்பக்கம்.
உள்ளே படுத்திருந்தவர்கள்
கதிரவேற்பிள்ளையை வாசித்துக்கொண்டு கிடந்திருப்பார்கள்.

வெளியில் மிதிவெடி.
ஓடாத ஆண்டுகளை நெருக்கிப் போடு, இடம் மிஞ்சும் என்றது குழு.
எந்த ஆண்டானாலும் ஒன்றேகால் அங்குலம் என்றேன்.

இரண்டாயிரத்து மூன்றில் ஜலால்தீன் பெயரை ஏற்றினேன்.
பழைய கறுப்பு கிடைக்கவில்லை,
அந்த வரி மட்டும் கொஞ்சம் நீலம்.

பிறகு வந்தவை லான்சர்கள்.
ரொறன்ரோவிலிருந்து லீவில் வந்தவர் வாடகைக் காரில் வென்று
முன்பம்பருக்குத் தண்டமும் கட்டினார்.
பதினேழில் நெல்லியடி வங்கிக் கிளார்க் துளசிகா,
அதே ஏ-போட்டி, கை மாறி நாலாவது சொந்தக்காரி.
பெண் என்று பக்கத்தில் போடுங்கோ என்றார் செயலாளர்.
ஆண் என்று ஒருவருக்கும் போடவில்லையே என்றேன்.
இருபத்திரண்டில் பெற்றோலும் இல்லை,
ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் இல்லை.

போன சித்திரையில் புத்தளத்திலிருந்து ஜலால்தீனின் மகன் வந்தார்.
நீல வரியை விரலால் தடவிப் பார்த்தார்.
“வாப்பா வெல்லல்ல,” என்றார்.
“ஆறு சுத்துத்தான் ஓடினாராம். எண்ணினவருக்குப் புழுதியில தெரியலயாம்.
மௌத்தாகுற வரைக்கும் சொல்லிச் சிரிப்பார்,
யாழ்ப்பாணத்துக்கு ஒரு சுத்துக் கடன் எண்டு.”

எண்ணினவன் நான்தான் என்று சொல்ல
எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவருடையது பழைய நிசான், பின்சீற்றில் பிள்ளைகள் இருவர்.
வெளியில் யாரும் இல்லை. பீப்பாய்களும் இல்லை,
செருப்பைக் கழற்றி ஒரு மூலைக்கு வைத்தேன்,
மற்றதை இன்னொரு மூலைக்கு.
மிச்ச இரண்டும் குத்துமதிப்பு.
சுடுமண்ணில் வெறுங்காலோடு நின்றேன்.
புழுதி எழும்பிற்று. கண்ணைக் கசக்கவில்லை.

ஏழு என்றேன், சத்தமாக.

பலகையில் திருத்த ஒன்றுமில்லை.