அரை டிகிரி

கராஜில் மூன்று மேசை, மேலே ஒரு பழைய கதவு.
அதன்மேல்தான் கேப் டவுன்.
கார் ஏழு மாதமாக வெளியே,
சாட்ஸ்வர்த் மழையில்.
"மனக்கோட்டை கட்டியிருந்தா
கராஜ் தேவைப்பட்டிருக்காது" என்கிறார் குபன்.
நியாயம்தான்.
ஆனால் மனக்கோட்டைக்கு எத்தனை கட்டை என்று
இதுவரை யாரும் எண்ணிச் சொன்னதில்லை.
என்னுடையதற்கு முப்பத்தொன்பதாயிரத்துச் சொச்சம்.

பைன்டவுனில் மூடிவிட்ட ஒரு பாலர் பள்ளியிலிருந்து
கிலோ கணக்கில் வாங்கினேன்.
குளியல் தொட்டியில் கொட்டி, சோப்புப் போட்டுக் கழுவினால்
சிவப்பு, நீலம், யாருடையதோ ஒரு ஹேர்பின்,
நிறையப் பல் தடம்.
எனக்கு வேண்டியது மணல் நிறம் மட்டும்.
கடிபட்டவற்றை உள்சுவருக்கு ஒதுக்கினேன்.
வெளியே தெரியாது. பாரம் தாங்கும்.

அசல் கோட்டைக்கு ஐந்து முனை.
லேர்டாம், பூரன், நசாவ், ஓரஞ்ச்,
அப்புறம் காட்ஸனெலன்போகன்,
மதிலைவிட நீளமான பெயர்.
எல்லாம் கடலுக்கு அப்பால் உட்கார்ந்திருந்த
ஓர் இளவரசனின் பட்டங்கள்.

கட்டைக்குச் சதுரம்தான் தெரியும்,
நட்சத்திரம் என்றால் முறைக்கும்.
மூன்று குமிழ் மேலே போ, ஒன்று பக்கவாட்டில்,
மறுபடி மூன்று, மறுபடி ஒன்று.
அப்படிச் சாய்த்தால் எழுபத்தொன்றரை டிகிரி.
வேண்டியது எழுபத்திரண்டு.
அரை டிகிரிதானே என்று விட்டேன்.
ஐந்து அரைகள் கூடிப் பேசி
ஓரஞ்சுக்கும் லேர்டாமுக்கும் நடுவே
மூன்று விரல் அகலத்துக்கு ஒரு வாயைத் திறந்தன.
"கடைசியில கோட்டை விட்டுட்டியே" என்றார் குபன்,
கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில்
அவர் அடித்த ஒரே சிலேடை.

சுவருக்குப் பிறகு ஆட்கள்.
பையில் நூற்றெழுபது பேர்.
எல்லாத் தலையும் மஞ்சள், எல்லா வாயும் சிரிப்பு.
கல் சுமப்பவன் சிரிக்கிறான்.
சுண்ணாம்புச் சூளையருகே நிற்பவன் சிரிக்கிறான்.
இருட்டறைக்குள் ஒருவனை இறக்கி
மேலே பலகை போட்டு மூடினேன்,
அதற்குள்ளும் அவன் அதையேதான் செய்துகொண்டிருப்பான்.

கரும்பு வெட்ட வந்தோம் என்றுதான்
எங்கள் வீட்டில் கதை தொடங்கும்.
அதற்கு இருநூறு வருஷம் முன்பே
கம்பெனியின் பட்டியலில் சிலருக்குக்
'கரையிலிருந்து' என்பதே குடும்பப் பெயர்.
சோழமண்டலக் கரை.
பழவேற்காடோ நாகப்பட்டினமோ,
எழுதியவனுக்கு அது போதும்.
அவர்கள் இந்த மதிலுக்குக் கல் தூக்கினார்களா?
தெரியாது.
சம்பளக் கணக்கு எழுதுகிறவள் நான்,
ரசீது இல்லாததைச் சேர்க்க மாட்டேன்.

அன்றிரவு மின்வெட்டு.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
தலைகளைத் திருப்பினேன்.
நூற்றெழுபது முறை ஒரு சின்ன 'க்ளிக்'.
முகம் முதுகுப்பக்கம் போனது, முன்னால் வெறும் மஞ்சள்.
விளக்கு வந்தபோது
வாசலில் நின்று பார்த்தேன்.
சரியாக இருந்தது.
அந்தத் திருப்தியில் தூங்கியும் விட்டேன்.

காலையில் திருஷா மேசைக்கு அடியில் ஊர்ந்துபோய்
முற்றத்து ஓட்டை வழியாகத் தலையை நீட்டினாள்.
"அம்மா, இங்கேருந்து பாத்தா
எல்லாரும் சிரிக்கிறாங்க."
நானும் முட்டி போட்டு, கழுத்தை ஒடித்து, அவள் பக்கத்தில்.
ஆமாம்.
ஆளுநரின் மாடத்திலிருந்து பார்த்தால்
தெரிவது முழுக்க அதுதான்.

சனிக்கிழமை இதை ஐந்து துண்டாகக் கழற்றி
மண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.
அந்த மூன்று விரலை அடைக்கக்
கீல் வைத்த கட்டைகள் தபாலில் வந்துவிட்டன.
பையை இன்னும் பிரிக்கவில்லை.

பெட்டியில் அடுக்குவதற்காக ஆட்களை எண்ணினேன்.
இரண்டு முறை எண்ணினேன்.
நூற்று அறுபத்தொன்பது.
திருஷாவிடம் கேட்கவில்லை.