நோ

"பாட்டுக்கா, விளையாட்டுக்கா, வேலைக்கா?" என்கிறான்
லாக்லன் என்று சட்டையில் பெயர் குத்திய பையன்.
பாரமட்டா கடைச் சுவரில்
நாற்பது தலைகளுக்கான ஹெட்செட்டுகள்
தலைகள் இல்லாமல் தொங்குகின்றன.
வேலைக்கு, என்கிறேன்.
என்ன வேலை என்று அவன் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
போன செவ்வாய், காலை பத்தே கால்.
திரையில் மூன்று கட்டங்கள்.
டப்போவில் ஒரு டாக்டர்.
அதே டப்போவில், கட்டிலில், மரியநாயகம்,
இறைச்சி ஆலையில் எலும்பு பிரிப்பவர், பிறந்தது மன்னார்.
டூங்காபியில், துணிக்கொடிக்கும் அலமாரிக்கும் நடுவே நான்:
மொழிபெயர்ப்பாளர். எண் உண்டு, பெயர் கிடையாது.

டாக்டர் வலப்பக்க அடிவயிற்றை அழுத்தினார்.
இங்கே எப்படி இருக்கிறது, கேளுங்கள் என்றார். கேட்டேன்.
"நோ," என்றார் மரியநாயகம்.

எங்கள் தூத்துக்குடியில் அது வலி.
அவர் ஊரில் அது நோ.
டாக்டர் ஊரில் நோ என்றால் இல்லை.

டாக்டர் தலையாட்டினார், எழுதினார்.
பொறுங்கள் என்றேன்.
என் பழைய ஹெட்செட் அந்த நேரம் பார்த்து
என்னை விட்டுவிட்டு
பக்கத்து வீட்டுப் புல்வெட்டியைப் பிடித்துக்கொண்டது.
டப்போ வரை புல் வெட்டினோம்.
கையை ஆட்டினேன். அவர் அடுத்த கேள்வியில் இருந்தார்.
நாற்பது நொடி இருக்கும், கூடவும் இருக்கலாம்,
வயரைப் பிடுங்கி எறிந்து
மடிக்கணினியின் முகத்தைப் பார்த்துக் கத்தும் வரை.
மறுபடி அழுத்தினார்.
இந்த முறை யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

லாக்லன் முந்நூற்று எண்பத்தொன்பது டாலரைக் கையில் தருகிறான்.
பஞ்சு மாதிரி இருக்கிறது.
"குரல் தவிர எல்லாத்தையும் அழிச்சிடும்.
நாய், காக்கட்டூ, குழந்தை, மழை."
மூச்சை?
"சாரி?"
பேசுமுன் ஆட்கள் மூச்சு இழுப்பார்களே, அதை.
"அதுவும் போயிடும்," என்கிறான், பெருமையாக.

பதிந்து கேட்டுப் பார்க்கலாமாம்.
கடை நடுவே நின்று சொல்கிறேன்:
வலி. வழி. வளி.
டீவி பார்க்க வந்த ஒரு ஜோடி திரும்பிப் பார்க்கிறது.
எழுபத்தொன்பது டாலரில் மூன்றும் ஒரே ஆள்.
பஞ்சில் மூன்றும் தனித்தனி,
சலவைக்குப் போட்டு எடுத்தது போல.
ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு பள்ளம்.
கிணறு என்று சொல்ல முடியாது,
கிணற்றில் எதிரொலியாவது இருக்கும்.

கீழ்த்தட்டில் ஒன்று கிடந்தது. நூற்றுப் பத்தொன்பது.
ஒரு காதை மட்டும் மூடும், வயர் உண்டு,
மைக் வாய்க்கு முன்னால் ஈ மாதிரி வந்து நிற்கும்.
வலி. வழி. வளி.
மூன்றும் வந்தன, நடுநடுவே என் மூச்சும்,
கொஞ்சம் கடை ஏசியும்.
"வயரா? இப்ப யாரும் வாங்குறதில்லையே."
பாதியில் சார்ஜ் தீராத ஒன்று வேண்டும் தம்பி, என்பதை
ஆங்கிலத்தில் சொல்லும்போது தம்பி விழுந்துவிட்டது.
என் தொழிலில் தினமும் நடப்பதுதான்.

ராத்திரி ஞானதுரையைப் பக்கத்து அறையில் உட்காரவைத்து அழைத்தேன்.
கேட்குதா?
"கேட்குது. முதல்ல சுவர் வழியா வருது,
அப்புறம் போன்ல வருது."
பாராட்டா என்று தெரியவில்லை.

வியாழன், முதல் அழைப்பு. மரியநாயகம் இல்லை.
யார் யாருக்கு விழுவார்கள் என்பது சீட்டுக் குலுக்கல்;
அவர் வயிறு என்னாயிற்று என்று விசாரிக்க
எனக்கு வழி கிடையாது.
பிளாக்டவுன், கர்ப்பிணிகள் கிளினிக், ஒரு பெண்.
நர்ஸ் பட்டியலைப் பார்த்துக் கேட்கிறாள்:
வீட்டில் உங்களுக்குப் பயம் ஏதும் இல்லையே?
நான் கேட்கிறேன்.

மூடிய காதில்
ஒரு மூச்சு உள்ளே போய்
அங்கேயே நிற்கிறது.
பிறகு, "இல்லை."

சொல்லாததைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
மூடாத காதில் புல்வெட்டி தொடங்குகிறது.
நர்ஸ் என் கட்டத்தைப் பார்க்கிறாள்.
அந்தப் பெண் எடுத்துக்கொண்ட அதே நேரத்தை
நானும் எடுத்துக்கொண்டு
நோ, என்கிறேன்.