பதினொரு நாள்

மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில்
டவாலி மூன்று முறை கூப்பிட்டார்.
மூன்று முறையும் என் பெயரின் ழகரம் வழுக்கி விழுந்தது.
திருத்தாமல் கூண்டேறினேன்.
அரசுத் தரப்பின் பதினான்காவது சாட்சி.

கையில் ஆறு பக்க அறிக்கை.
அதில் தில்லைநாயகி என்ற பெயர் இல்லை.
பொருள் எண் மூன்று: தொடை எலும்பு, ஒரு துண்டு,
அகன்ற வாய்ச் சாடியில்.
பொருள் எண் நான்கு: தண்ணீர், ஒரு லிட்டர்,
முந்திரித் தோப்புக் குட்டையிலிருந்து.
பின்வரிசையில் அவள் தம்பி,
சிப்காட் கம்பெனிச் சட்டையோடு, ஷிஃப்ட் முடிந்து நேராக.

தேவனாம்பட்டினத்தில் கரை ஒதுங்கினாள்.
கடலில் கால் நனைக்கப் போனாள், அலை இழுத்துக்கொண்டது
என்கிறார் முதல் எதிரி.
அலைக்குச் சம்மன் அனுப்ப முடியாது.
எலும்பைக் கேட்கலாம்.

மூழ்குகிறவர் இழுக்கும் கடைசி மூச்சில்
தண்ணீரோடு டயாட்டமும் உள்ளே போகும்.
கண்ணுக்குத் தெரியாத பாசி, கண்ணாடி ஓடு போட்டது.
நுரையீரலைத் தாண்டி ரத்தத்தில் ஏறி
இதயம் தள்ளத் தள்ள
மஜ்ஜை வரை போய்த் தங்கிவிடும்.
ஏற்கெனவே நின்றுபோன இதயம் எதையும் தள்ளாது.
மஜ்ஜை என்றபோது தம்பி தரையைப் பார்த்தான்.

அமிலத்தில் கரைத்தேன்.
எலும்பு போயிற்று. மஜ்ஜை போயிற்று.
ஓடுகள் மட்டும் மிஞ்சின.
நானூறு மடங்கு பெருக்கிப் பார்த்தால்
படகு படகாக, இருபத்தேழு.
துறைமுகத்து ஊர்தான்,
ஆனால் இந்தப் படகுகளில் ஒன்றுகூட
உப்பைப் பார்த்ததில்லை.
குட்டைத் தண்ணீரிலும் இதே படகுகள்.
தட்டச்சர் 'டயாட்டம்' என்பதை மட்டும்
இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

குறுக்கு விசாரணைக்கு எழுந்தவர்
படகுகளைத் தொடவே இல்லை.
"கைப்பற்றியது நவம்பர் ஒன்பது.
உங்கள் ஆய்வகம் பெற்றது இருபது.
நடுவில் பொருள் மூன்றும் நான்கும் எங்கே இருந்தன?"
தெரியாது.
"பாட்டில் கசிந்து எலும்பில் பட்டிருக்கலாம் அல்லவா?"
நான் வாங்கியபோது அரக்கு உடைந்திருக்கவில்லை.
வெளிப்பக்கத்தைக் கழுவிய பிறகே எலும்பை உடைத்தேன்.
"கேட்டதற்கு மட்டும் பதில். நீங்கள் வாங்குவதற்கு முன்னால்?"
தெரியாது.
சத்தமாகவே சொன்னேன்.
தெரியாததைத் தெரியாது என்பதற்கும் சேர்த்துத்தான்
எனக்குச் சம்பளம்.

வெளியே ஜெராக்ஸ் கடை வாசலில்
தலைமைக் காவலர் கொளஞ்சி.
பதினோராவது சாட்சி. செவ்வாய்க்கிழமையே நொறுங்கியவர்.

"பெண்ணையாறு ஒடச்சிக்கிச்சு மேடம்.
ஸ்டேஷன்ல இடுப்பளவு தண்ணி,
ரிஜிஸ்டரெல்லாம் மெதக்குது.
பொட்டி ரெண்டையும் தலையில வச்சுக்கிட்டு
குண்டு உப்பலவாடிக்கு, எங்க வீட்டுக்கே நடந்துட்டேன்.
ராத்திரி அங்கயும் வந்துடுச்சு.
பரண்ல ஏத்திட்டு, நானும் பக்கத்துலயே படுத்தேன்.
புள்ளைங்கள கிட்ட விடல.
எழுதணும்னு தோணல மேடம்.
எதுல எழுதறது?"

என் மேசைக்கு எலும்பு வந்து சேர்ந்ததே
இவர் தலையில் ஏறித்தான்.
சங்கிலி அறுந்தது என்று தீர்ப்பில் வந்தால்
அதுவும் இவர் பெயரில்தான் வரும்.

உங்கள் வீட்டில் எதுவரை வந்தது?
கழுத்தில் கையை வைத்துக் காட்டினார்.
சுவரில் கோடு விழுந்திருக்குமே?
"இருந்துச்சு. பொங்கலுக்கு வெள்ளையடிச்சிட்டோம்."

சுண்ணாம்புக்கு அடியில், கழுத்து உயரத்தில்
பெண்ணையாற்றுப் படகுகள்
அந்தப் பதினொரு நாளில் ஒட்டியபடியே நிற்கும்.
சுரண்டினால் வரும்.
யாரும் மகஜர் போடாத சுவர்.
என்னிடம் அதைக் கேட்கவில்லை;
கேட்டதற்கு மட்டும் பதில்.

தீர்ப்பு பத்தொன்பதாம் தேதி.
"வருவீங்களா மேடம்?"
தீர்ப்பன்று சாட்சிக்கு வேலை இல்லை என்றேன்.

விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
நல்ல தாகம்.
பண்ருட்டி வரும்வரை
மடியிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறக்கவில்லை.