பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம்

ஓவுலுவில் நவம்பர். மாலை மூன்று மணிக்கே
சூரியன் பணி முடித்துக் கிளம்பிவிடுகிறது.
நான் ஒன்பதுக்கு வருகிறேன்.
சாவிக்கொத்து, டார்ச், அட்டையில் செருகிய தாள்.
பதினொரு அறை, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம்.
உ என்றால் உறக்கம். வி என்றால் விழிப்பு.
ந என்றால் நடக்கிறார்.
அழுகிறவருக்கு எழுத்து இல்லை.

ஆறாம் அறையில் அஹ்தி கெம்ப்பைனன்.
இருபத்தாறு வருடம் பனி வாரும் லாரி ஓட்டியவர்.
கதவுக் கண்ணாடியில் டார்ச் விழுந்ததும்
போர்வைக்குள் அவர் கால் பிரேக்கை மிதிக்கும்.
"எதிரே வண்டி வருகிறது, ஹென்ரீக்கா" என்றார் ஒருநாள்,
மன்னிப்புக் கேட்கிற குரலில்.
அந்தக் கட்டத்தில் வி எழுதினேன்.
எழுப்பியது யார் என்று கேட்கத்
தாளில் இடமில்லை.

அதனால் எண்ணத் தொடங்கினேன்.
மகள் பாதியில் விட்ட கணக்கு நோட்டில்,
பின்பக்கத்திலிருந்து.
டார்ச்சுக்கு முன் உறங்கியவர், பின் விழித்தவர்,
விழித்தவர்களில் மாத்திரை கேட்டவர்.
நாற்பது இரவு.

டாக்டர் லெஹ்தோவாரா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.
"பதினொரே பேர். இதை ஆதாரம் என்று சொல்ல முடியாது."
கொஞ்சம் கழித்து,
"ஒன்றுமில்லை என்றும் சொல்ல முடியாது."
மூன்று ஆய்வுகளை அச்சிட்டுத் தந்தார்.
ஒன்று என் பக்கம். ஒன்று எதிர்ப்பக்கம்.
மூன்றாவது, மேலும் ஆய்வு தேவை என்றது,
எல்லா ஆய்வுகளும் கண்மூடும் முன் சொல்வதுபோல.

அந்த நோட்டு என்னையும் விட்டுவைக்கவில்லை.
ஒன்பதாம் அறை ஐனிக்கி.
இரவு இரண்டுக்கு அவள் கட்டிலோரம் உட்கார்ந்து
கையைப் பிடித்துப் பேசிக்கொண்டிருப்பேன்.
அதில் நான் கெட்டிக்காரி. வார்டே சொல்லும்.
வரிசை போட்டுப் பார்த்தால்
நான் பேசிய இரவுகளில்தான்
அவள் நாலு மணிக்குச் சுவரில் தலையை மோதியிருக்கிறாள்.
பன்னிரண்டில் ஒன்பது.
திரும்ப எண்ணினேன். பேனாவை மாற்றி எண்ணினேன்.
ஒன்பதுதான்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது
என் கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.
அன்பும் தப்புக் கணக்குப் போடும் என்று
பாடத்தில் எங்கேயும் இல்லை.

மறுநாள் அவளையே கேட்டேன். முதல் முறையாக.
நான் பேசுவது உனக்கு எப்படி இருக்கிறது?
நெடுநேரம் கூரையைப் பார்த்தாள்.
"ஏற்கெனவே நாலு பேர் பேசுகிறார்கள்.
நீங்கள் வந்தால்
அவர்களைத் தள்ளி உட்காரச் சொல்ல வேண்டியிருக்கிறது."

இப்போது நாற்காலி கதவருகே.
சலவையிலிருந்து வந்த வார்டுக் காலுறைகளைக்
கூடையோடு கொண்டுவந்து ஜோடி சேர்க்கிறேன்.
சாம்பல் நிறம், சாம்பல் நிறம், கொஞ்சம் வெளுத்த சாம்பல் நிறம்.
வாய் திறப்பதில்லை. அது எனக்கு உடம்புக்கு ஆகாத வேலை.
இரண்டு வாரத்தில் சுவரில் மோதியது ஒரு தடவை.
அந்த ஒன்றையும் எழுதியிருக்கிறேன்.

டார்ச்சின் முகத்தில் சிவப்புத் தாள் ஒட்டியாயிற்று.
பதினைந்தை முப்பதாக்கலாமா என்பது
இன்னும் கூட்டத்தில் இருக்கிறது; கூட்டம் ஜனவரியில் இருக்கிறது.

அஹ்தியின் நாடி பார்க்கும் முன்
வெந்நீர்க் குழாயில் கைகளைக் காட்டிச் சூடாக்கிக்கொள்கிறேன்.
இதற்கு ஆய்வு உண்டா என்று தேடிப் பார்த்தேன்.
கிடைக்கவில்லை.
பாதிப் பேருக்குச் சில்லிட்ட கையைக் கொடுத்து
ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று
யார் கையெழுத்துப் போடுவார்கள்?
அதுவரை வெந்நீர்.

மூன்று நாற்பத்தைந்து.
வெளியே நிஜமான பனிலாரி ஒன்று
சாலையைச் சுரண்டிக்கொண்டு போகிறது.
ஆறு: உ.
ஒன்பது: வி.
பக்கத்தில், ஓரத்து வெள்ளையில், சின்னதாக:
ஒரு காலுறைக்கு ஜோடி இல்லை என்று
அவள்தான் கண்டுபிடித்தாள்.