எழுபது வீதம்

பஞ்சிகாவத்தையில் விடாத மழை.
டீசல் பம்புகளை ஒதுக்கிவிட்டு
மேசையில் கிடத்தியிருக்கிறேன்,
பொலிஸ் கடிதத்தோடும் ஒரு கான்ஸ்டபிளோடும் வந்ததை.
கடிதத்தில் மூன்று முத்திரை.
என் கல்யாணப் பதிவில்கூட ஒன்றுதான்.

சுடும் கழகத்துச் சாமான்.
முந்நூறு மீற்றரில்
குண்டுகள் ஒரே இடத்தில் கூடவில்லையாம்.
ஈரக் குடையை மடக்கியபடி தெவ்மினி சொன்னாள்.

போல்டின் தலையில் இரண்டு காது.
இரண்டின் முதுகிலும் நீல மை தடவி
பின்னுக்கு இழுத்துப் பிடித்தபடி மூடித் திறந்தேன்.
ஒன்றில் மை அழிந்து வெள்ளி தெரிந்தது.
மற்றதில் நீலம் அப்படியே,
பள்ளிக்கூடம் போகாத பிள்ளையின் கொப்பி.
இத்தனை வருஷமும் ஒவ்வொரு வெடியையும்
ஒற்றைக் காதே வாங்கியிருக்கிறது.

மிளகளவு பசை, அறுநூறாம் நம்பர்.
ஒரு சொட்டு ஒயில்.
கைபிடி மேலே, கீழே,
மேலே, கீழே,
இருபது.
மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, மை தடவிப் பார்.
மறுபடி இருபது.
அரம் போட்டால் நான் நினைத்த வடிவம் வரும்.
பசை போட்டால்
அவை இரண்டும் பேசி முடித்த வடிவம்.

"யாருடைய துவக்கு?"
தெருவிலிருந்தே நவ்சாத் கத்தினான்.
தோள் தானாகச் சுருங்கியது.
அந்த ஆண்டுகளில்
மருதானை பஸ்ஸில் அந்தச் சொல் ஏறாது.
வேலையைக்கூடத் துவக்க மாட்டோம்,
தொடங்குவோம்.
மகனுக்கும் அப்படியே பழக்கினேன்:
பாட்டைத் தொடங்கு, கணக்கைத் தொடங்கு.
ஏனென்று அவன் இன்னும் கேட்கவில்லை.

நூற்று அறுபதில் மற்றக் காதும் வெளுத்தது.
ஓரத்தில் மட்டும் பிறையளவு நீலம்.
"அதையும் எடுத்துவிடுங்களேன் பாஸ்."
எடுக்கலாம்.
இந்த இரும்புக்குக் கடினமெல்லாம் மேல்தோலில்.
அதைத் தாண்டினால் உள்ளே சவசவ.
தோட்டா உட்காரும் இடைவெளியும்
ஒரு மயிர் கூடிப்போகும்.
எழுபது வீதம் போதும் என்றேன், சிங்களத்தில்.
முகம் சுழித்தாள். நியாயம்தான்,
காசு அவளுடையது.

கான்ஸ்டபிள் கொட்டாவியோடு புத்தகத்தை நீட்டினான்.
வந்த நேரம் ஒன்பது பத்து.
செய்த வேலை என்ற கட்டத்தில்
பேனை கொஞ்சம் நின்றது.
'தேய்த்தது' என்று போட்டேன்.
தமிழ் வாசிக்கத் தெரியாது அவனுக்கு;
பக்கத்தில் கையொப்பம் வைத்தான்.

மூன்று தரம் சவர்க்காரம் போட்டும்
நகக்கண்ணில் மிஞ்சிய சாம்பல் பசை
மத்தியானச் சோற்றில்
நறநறத்தது.