வெள்ளி

இந்த ஊரில் காசுக்குப் பெயர் வெள்ளி.
என் தலையில் இருப்பதற்கும் அதுதான்.
ஒன்று ஏற ஏற
இன்னொன்று இறங்குகிறது.

மார்ச்சில் ஆட்குறைப்பு.
பதினேழு வருடக் கணக்குப்பிரிவை
ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள்.
ஜூலையில் ஒரு நேர்காணல் வந்தது.

ஈசூன் கடைத்தொகுதி, மூன்றாம் மாடி சலூன்.
வேர்ப்பகுதி மட்டும் என்றால் எண்பத்தெட்டு,
முழு நீளம் நூற்றிருபத்தெட்டு.
"உங்களுக்கு முடி அடர்த்தி, மேலே இருபது" என்றாள் அந்தப் பெண்.
வாழ்நாளில் முதல்முறையாக
அடர்த்திக்கு அபராதம்.

ஜொகூரில் பாதி விலை என்றாள் எதிர்வீட்டு ரொஹானா.
பாலத்தைக் கடந்து திரும்புவதற்குள்
இன்னும் நாலு முடி நரைத்துவிடும்.

தேக்காவில் ஒரு பெட்டி, ஒன்பது வெள்ளி இருபது காசு.
'இயற்கைக் கறுப்பு'.
அட்டையில் சிரித்தவளுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும்,
அவளுக்கு எதற்கு இது?
நாற்பத்தெட்டு மணி நேரம் முன்பே
தோலில் சோதித்துப் பார்க்கவும் என்றிருந்தது.
என்னிடம் பதினைந்து மணி நேரம்தான் இருந்தது.

குளியலறைத் தரையில் நாளிதழ்.
தேசிய தினத்துச் சிவப்புச் சட்டை, பழசு.
மூக்குக்கண்ணாடி போட்டால் தூரிகைக்கு இடமில்லை,
கழற்றினால் காது எங்கே என்று தெரியவில்லை.
கழுத்தில் பட்டது, சுவிட்சில் பட்டது,
வெள்ளைத் தொட்டியில் விழுந்த ஒரு சொட்டு
தேய்க்கத் தேய்க்க
அங்கேயே நிரந்தரவாசி ஆகிவிட்டது.

பின்மண்டை மட்டும் எட்டவில்லை.
அவருக்குச் சாங்கி சரக்கு முனையத்தில் இரவு வேலை.
மகன் தேசிய சேவையில்,
அவன் தலையில் பூச முடியே கிடையாது.

அப்போதுதான் தோன்றியது.
நேர்காணல் கணினித் திரையில்தானே!
கேமராவுக்கு முன்பக்கம் போதும்.
தூரிகையைக் கழுவி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை, பத்தரை மணி.
முழுநிலவு மாதிரி
ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன்.
கோப்பு எடுக்கக்கூடத் திரும்பவில்லை.
"ஐந்து வருடத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?"
என்றான் அரும்புமீசைப் பையன்.
முன்னாலிருந்து மட்டும் என்று
நாக்கு நுனிவரை வந்தது.

மாலையில் மின்னஞ்சல்:
அடுத்த சுற்று புதன்கிழமை, நேரில்.

நேரில் என்றால் முதுகு உண்டு.
பேசி முடித்துக் கதவுவரை நடக்கவேண்டும்.
சாயம் வெளுத்துப்போகும் என்பார்கள்.
எனக்குப் பின்னால்
வெளுக்கவும் சாயம் இல்லை.

எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் சியூ லான் கடை.
ஒரே நாற்காலி, ஒரு மீன்தொட்டி, முப்பத்தெட்டு வெள்ளி.
முடியைப் பிரித்தவள் அப்படியே நின்றாள்.
"யுவான்யாங்!"
கோப்பியும் தேநீரும் ஒரே குவளையில் கலந்தால்
இங்கே அதற்கு அந்தப் பெயர்.
இருவரும் சிரித்த சிரிப்பில்
மீன்கள் கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்தன.

கழுத்தைத் தொட்டிக்குழியில் சாய்த்து
வெந்நீர் விட்டு
பஞ்சில் எதையோ தொட்டுக் காதோரக் கறையைத் துடைத்தாள்.
பிறகு விரல்கள், மெதுவாக, மண்டை முழுக்க.
எத்தனை நாளாயிற்று
என் தலையை இன்னொரு கை தொட்டு.
கண்ணை மூடிக்கொண்டேன்.
"எரியுதா?" என்று கேட்டாள்.
ஆமாம் என்றேன்.

எழுந்து காசு கொடுக்கும்போதுதான் கவனித்தேன்,
அவள் தலை முழுக்கப் பஞ்சு.
உனக்கு நீ போட்டுக்கொள்ள மாட்டாயா?
மலாயும் ஆங்கிலமும் கலந்து சொன்னாள்:
"முன்னால் நான் போடலாம்.
பின்னால் யார் போடுவது?"

வீட்டில், அந்தப் பெட்டியில்,
பாதி டியூப் மீந்திருக்கிறது.
லிஃப்ட் ஏழாம் மாடிக்குப் போய்ச் சேரும்வரை
அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.
கதவு திறந்தது.
நான் கீழ்த்தளத்துப் பொத்தானை அழுத்தினேன்.